நேலப்பட்டில் கூடு, பழவேற்காட்டில் இரை

வளர்ந்த கூழைக்கடா ஏறக்குறைய ஊமை. கூட்டருகே வேறொரு பறவை நெருங்கினால் சீறும், உறுமும், நீண்ட அலகைப் படக்கென்று மூடித் தட்டும். அதற்கு மேல் அதற்குக் குரல் இல்லை. ஜனவரி மாத முற்பகலில் நேலப்பட்டு ஏரிக்கரையில் காதை நிறைக்கும் இரைச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. நீருக்குள் நிற்கும் மரங்களின் உச்சியெல்லாம் கூடுகள்; கூடுதோறும் இரண்டோ மூன்றோ பஞ்சுவெள்ளைக் குஞ்சுகள். தாயோ தந்தையோ வந்து இறங்கியதும் அத்தனையும் அதன் மேல் விழுகின்றன. முந்திக்கொண்ட குஞ்சு தலையையும் கழுத்தையும் பெரிய பறவையின் தொண்டைக்குள் நுழைத்து, உள்ளேயிருந்தே மீனை எடுத்துத் தின்கிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். குஞ்சுக்கு மூச்சு முட்டிவிடும் என்றுதான் தோன்றும். சற்று நேரத்தில் அது தலையை வெளியே எடுத்து, அடுத்த குஞ்சுக்கு இடம் விடாமல் மறுபடியும் முட்டும்.

அந்த மீனில் பெரும்பங்கு இந்த ஏரியில் பிடித்தது அல்ல. இத்தனை வாய்களுக்கு ஈடுகொடுக்கும் அளவு மீன் இந்தச் சிறிய ஏரியில் கிடையாது. காலை வெயில் ஏறி, வெப்பக்காற்று மேலெழும்பத் தொடங்கியதும் கூழைக்கடாக்கள் அகன்ற இறக்கைகளை விரித்து வட்டமிட்டு உயர்கின்றன. பிறகு கிழக்கே பழவேற்காடு ஏரியை நோக்கி மிதந்து போகின்றன. சுற்றியுள்ள வேறு குளங்களுக்கும் ஏரிகளுக்கும் சில போகும். கூடு ஓரிடம், சோறு ஓரிடம். பறவையின் ஒரு நாள் வாழ்க்கை இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவே ஓடுகிறது. அவை இரண்டுக்கும் வரும் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் நேலப்பட்டைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதிக் கதையாகிவிடும்.

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் சூளூர்பேட்டையைத் தாண்டி நாயுடுப்பேட்டைக்குப் போகும் வழியில் வருவது தொரவாரிசத்திரம். அந்த மண்டலத்தில்தான் நேலப்பட்டு கிராமம் இருக்கிறது. பல தலைமுறையாக நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதனால் பழைய சித்தூர் மாவட்டத்து மலைகளும், அந்த மலைகளின் தண்ணீர் போய்ச் சேரும் கடலோரமும் இப்போது ஒரே மாவட்டத்தில் வந்துவிட்டன. நிர்வாக வசதிக்காகப் போட்ட எல்லைதான். ஆனாலும் ஒரு நதியின் தலையும் காலும் ஒரே மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் இருப்பது நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

நேலப்பட்டு 1976-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு சுமார் 459 ஹெக்டேர், அதாவது நாலரை சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் ஏரி ஒரு பகுதிதான். மிச்சம் பாலையும் எட்டியும் காரையும் அடர்ந்த உலர் பசுமைமாறாப் புதர்க்காடு. சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் நீளமாகப் படர்ந்திருந்து, இன்று கோயில் காடுகளிலும் ஸ்ரீஹரிகோட்டா போன்ற சில இடங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கும் வகைக் காடு இது. பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். ஏரிக்குள் வரும் மழைநீரின் ஒரு பங்கு இந்த வேர்களின் வழியாகத்தான் வடிந்து வருகிறது.

ஏரிக்குள் நிற்பவை நீர்க்கடம்பு மரங்கள். மாதக்கணக்கில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். வேடந்தாங்கல் போனவர்களுக்கு இந்த மரம் பழக்கமானது. அங்கேயும் பறவைகளுக்கு வீடு கொடுப்பது இதுதான். கூழைக்கடா உச்சிக்கிளைகளை எடுத்துக்கொள்ள, நத்தைக்குத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் அடுத்த கிளைகளில், அவற்றுக்கும் கீழே இலைமறைவில் வக்காவும் நீர்க்காகமும் சின்ன வெண்கொக்கும் என்று இடம் பிரித்துக்கொள்கின்றன. சரணாலயத்தில் இதுவரை பதிவான பறவையினங்கள் 189. அவற்றில் ஐம்பது இனங்கள் வெளியிடங்களிலிருந்து வலசை வருபவை. ஊசிவால் வாத்து அவற்றில் எளிதில் அடையாளம் காணக்கூடியது.

ஆனால் நேலப்பட்டின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது கூழைக்கடாதான். தெற்காசியாவில் இந்தப் பறவை பெருமளவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்த இடங்கள் எவ்வளவு அருமையானவை என்பதைப் புரிந்துகொள்ள அதன் கடந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1877-ல் ஓட்ஸ் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் பர்மாவின் சிட்டாங் ஆற்றையொட்டிக் கண்ட கூழைக்கடாக் கூட்டம் எண்ண முடியாத அளவு பெரியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தக் குடியிருப்பே இல்லாமல் போனது. நம் பக்கத்தில், மேற்கு கோதாவரியில் ஆரேடு என்ற இடத்தில் 1946-ல் ஒரு பெரிய குடியிருப்பை வெளியுலகுக்குச் சொன்னவர் கே.கே. நீலகண்டன்; பின்னாளில் இந்துசூடன் என்ற புனைபெயரில் கேரளத்துப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிப் புகழ்பெற்றவர். கொல்லேறு ஏரியை நம்பி வாழ்ந்த அந்தப் பறவைகளும் சில பத்தாண்டுகளில் அவ்விடத்தைக் கைவிட்டன.

அப்புறம் மிஞ்சியவை சிதறிய சில ஊர்கள். கர்நாடகத்தில் கொக்கரே பெள்ளூர். தமிழ்நாட்டில் வேடந்தாங்கல், கரிக்கிலி, திருநெல்வேலியின் கூந்தன்குளம். ஆந்திராவில் குண்டூர் அருகே உப்பலபாடு, ஸ்ரீகாகுளத்தில் தேலிநீலாபுரம், இந்த நேலப்பட்டு. கவனித்துப் பார்த்தால் இவற்றில் எதுவுமே மனிதர் புழங்காத அடர்காடு அல்ல. பாசன ஏரி, ஊர்க்குளம், ஊருக்குள் நிற்கும் புளியமரம், ஆலமரம். கூழைக்கடா மனிதரை ஒட்டி வாழ்கிற பறவை. ஊர் அதை விட்டுவைத்த இடங்களில் அது தழைத்தது. தென்னிந்தியாவில் கிடைத்த இந்தப் பாதுகாப்பினால் அதன் எண்ணிக்கை மீண்டதால்தான், ‘அழிவுக்கு இலக்காகக்கூடியது’ என்ற பட்டியலில் இருந்த அதை 2007-ல் ஒரு படி இறக்கி ‘அழிவை நெருங்கக்கூடியது’ என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மாற்றியது. அந்த ஒரு படி இறக்கத்தில் நம் கிராமத்து மக்களின் பொறுமைக்குப் பெரும்பங்கு உண்டு. விழாக்களில் அதிகாரிகள் பேசும்போது இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பொறுமைக்குக் காரணமும் இருந்தது. பறவைகளின் எச்சம் விழுந்து கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். நேலப்பட்டு விவசாயிகளுக்கு இது தெரியும். வேடந்தாங்கல் விவசாயிகளுக்கும் எப்போதோ தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் என்ற ஒன்றை நாடு நினைத்துப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே ஏரிக்குடிகள் போட்ட சட்டம் அது.

இனி தண்ணீருக்கு வருவோம்.

கூழைக்கடா ஏன் நீரில் நிற்கும் மரத்தைத் தேடுகிறது? நரியும் காட்டுப்பூனையும் நீந்தி வந்து மரம் ஏறுவது கடினம். மனிதரும் எளிதில் நெருங்க முடியாது. ஏரித்தண்ணீர்தான் கூடுகளுக்கு அகழி. பறவை மூன்று நான்கு முட்டை இடும். பொரிய ஒரு மாதம். குஞ்சு இறக்கை முளைத்துத் தானாகப் பறக்க மேலும் ஏறக்குறைய நான்கு மாதம். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கினால் பங்குனி சித்திரை வரை அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும். நடுவில் வற்றினால் அகழி போய்விடும். மழை பொய்த்த ஆண்டுகளில் கூழைக்கடாக்கள் வருவதே இல்லை, வந்தாலும் மிகக் குறைவாக. வந்து கூடு கட்டியபின் வற்றினால் இன்னும் கொடுமை. குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரியவை கிளம்பிவிடும் அபாயம் உண்டு.

அதே மாதங்களில்தான் ஆயக்கட்டு வயலுக்கும் தண்ணீர் வேண்டும். நெல் கதிர்விடும் பருவமும் குஞ்சு வளரும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. மதகை எந்த அளவு திறப்பது, எப்போது மூடுவது என்பது பாசனக் கணக்கு மட்டும் அல்ல, உயிர்க்கணக்கும்கூட. இங்கே விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஏரி அவருக்காக வெட்டியது. கரை அவருடைய முன்னோர் சுமந்த மண். பறவைக்காக அவர் ஒரு பங்குத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அந்த இழப்பை ஈடுசெய்வது அரசின் கடமை. வரத்துக்கால்களைத் தூர்வாரி, ஏரிக்கு வந்து சேரும் தண்ணீரைக் கூட்டினால் இருவருக்கும் போதும். தூர்வாருவதிலும் நிதானம் தேவை. நீர்க்கடம்புகளின் அடியில் இயந்திரத்தை இறக்கிக் குடைந்தால் கூடுகட்ட மரமிருக்காது. முதிர்ந்து பட்டுப்போகும் மரங்களுக்குப் பதிலாக இளங்கன்றுகளை இப்போதே நட்டு வைப்பதும் அவசியம்; ஒரு கூழைக்கடாக் குடும்பத்தைத் தாங்கும் மரம் ஓரிரு ஆண்டில் வளர்ந்துவிடாது.

ஏரியிலிருந்து கிழக்கே பறந்தால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1971 முதல் ராக்கெட் தளம். ஏவுதளம் என்பதால் பொதுமக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட, தீவின் புதர்க்காடு பெருமளவு வெட்டுப்படாமல் தப்பியது. அதே தளத்துக்காக அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த யானாதிப் பழங்குடி மக்கள் பலர் இடம்பெயர நேர்ந்தது. தப்பித்த காட்டைக் கொண்டாடும்போது இடம்பெயர்ந்த குடிகளையும் சேர்த்து நினைப்பதுதான் நேர்மை.

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை காயலை அறுத்துக்கொண்டு போகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தச் சாலையின் இருபுறமும் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நிற்கும். தலைகீழாக அலகைக் கவிழ்த்து, சேற்றுநீரை உள்ளே இழுத்து, சல்லடையாக அமைந்த அலகின் ஓரங்களில் நுண்ணுயிர்களையும் சிறு இறால்களையும் வடித்தெடுத்துத் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவிலிருந்து ஏறுவது. அவற்றோடு கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, பவளக்காலி, ஆலா, கடற்காகம், கரையோரம் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். ஒரே நீரில் ஒவ்வொன்றின் கால் நீளத்துக்கும் அலகு வளைவுக்கும் ஏற்ற இரை வேறு வேறு ஆழத்தில் கிடைப்பதால் சண்டையில்லாமல் மேய்கின்றன. காயலின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அந்த ஆழமின்மைதான் அதன் செல்வம். அதுவே அதன் பலவீனமும்.

பழவேற்காடு உயிரோடு இருக்க இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டும். கிழக்கே முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்க வேண்டும். மேற்கே ஆறுகள் மழைக்காலத்தில் நன்னீர் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் உப்பு குறையும். கோடையில் கடலைவிட உப்பு கூடும். மீனும் இறாலும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் மணல்மூடி அடைந்தால் இந்தப் போக்குவரத்து நின்றுபோகும். வடக்கே ராயதொருவு முகத்துவாரத்தைத் தூர்வாரித் தரச் சொல்லி ஆந்திர மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். தெற்கே பழவேற்காட்டு மீனவர்களின் கோரிக்கையும் இதேதான். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ வழக்கத்தைக் காலங்காலமாகக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள். இருக்கும் மீனைச் சண்டையில்லாமல் பகிர அவர்களுக்குத் தெரியும். மீனே வராமல் போனால் எதைப் பகிர்வது? கூழைக்கடாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. மீனவர் வலை காலியாக வரும் பருவத்தில் நேலப்பட்டுக் குஞ்சுகளின் வயிறும் காய்கிறது.

மேற்குக் கதவுக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பழவேற்காட்டுக்கு நன்னீர் தரும் ஆறுகளில் முக்கியமானவை சுவர்ணமுகி, காளங்கி, ஆரணி ஆறு. மூன்றும் பழைய சித்தூர் மாவட்டத்தோடு உறவுள்ளவை. சுவர்ணமுகி சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தொடங்கி, திருப்பதியைத் தொட்டு, திருச்சானூரையும் ஸ்ரீகாளஹஸ்தியையும் கடந்து, நாயுடுப்பேட்டை வழியாகக் கடலோரம் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. ஸ்ரீகாளஹஸ்தி கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் பாலத்திலிருந்து பார்த்திருப்பார்கள்.

அதன் துணையாற்றில் 1977-ல் கட்டியது கல்யாணி அணை. திருப்பதி நகருக்கும் திருமலைக்கும் குடிநீர் கொடுக்க எழுந்த அணை இது. சேஷாசல மலையடிவாரத்தில், மூன்று பக்கமும் செம்பாறைச் சரிவுகள் சூழ, நல்ல மழைக்குப் பின் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பின்னால் விரியும் காடு ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. 1989-ல் அறிவிக்கப்பட்டது, 353 சதுர கிலோமீட்டர். 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானபோது இந்தப் பூங்காவும் அதற்குள் வந்தது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்த மலைத்தொடரிலும் இதை அடுத்த பகுதிகளிலும்தான் விளைகிறது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே காட்டில்தான். நம் ஊர்களில் சேஷாசலம் என்ற பெயரைக் கேட்டதும் நெஞ்சு கனப்பது அதனால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெடோம் என்ற ஆய்வாளர் விவரித்த பொன்னிறப் பல்லி வெகுகாலம் கண்ணில் படாமலிருந்து, 1980-களில் திருமலைப் பாறை இடுக்குகளில் மறுபடி தென்பட்டது. சிறுத்தை, கரடி, செந்நாய், புள்ளிமான், கடமான், நாற்கொம்பு மான் என இந்தக் காட்டின் பட்டியல் நீளும்.

கல்யாணி அணையும் நேலப்பட்டு ஏரியும் வேறு வேறு வகை நீர்நிலைகள். அணை ஆழமானது, கரை செங்குத்தானது. நீரில் கால்வைத்து மேய்கிற பறவைக்கு அங்கே பெரிதாக இடமில்லை. அங்கே தண்ணீர் தேடி வருபவை காட்டு விலங்குகள். ஆனால் அணையில் தேங்கும் ஒவ்வொரு சொட்டும் கீழே போகாத சொட்டு. திருப்பதிக்குக் குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் பல்லாயிரம் பேர் வந்துபோகும் ஊர் அது. அதற்காகவே தெலுங்கு கங்கைக் கால்வாயிலிருந்தும் தண்ணீர் எடுக்கப்படுகிறது. அதே தெலுங்கு கங்கைதான் கண்டலேறு வழியாகப் பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் தருகிறது. சென்னைக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மாவட்டத்தைக் குறுக்காகக் கடந்து வந்ததுதான். மனிதருக்குக் குழாயும் கால்வாயும் போட்டுத் தண்ணீரை இடம்மாற்றத் தெரிந்த நாம், காயலுக்கும் ஏரிக்கும் இவ்வளவு தண்ணீர் ஆற்றில் போயாக வேண்டும் என்று ஒரு கணக்கை எழுதி வைக்கவில்லை. ஆற்றில் மணல் அள்ளுவதும், வரத்துக்கால்களில் வீட்டுமனை போடுவதும், நகரச் சாக்கடை கலப்பதும் போக மிச்சம் என்னவோ அதுதான் பழவேற்காட்டின் பங்கு.

மிச்சம் சில ஆண்டுகளில் வெள்ளமாகவும் வரும். 2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த பேய்மழையில் சுவர்ணமுகி கரைபுரண்டது. விஜயநகரக் காலத்து ஏரியான ராயலசெருவுவின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த கிராமங்களை இரவோடிரவாகக் காலிசெய்யச் சொன்னார்கள். கரை தப்பியது. ஏரிக்கரைகளை ஆண்டு முழுவதும் மறந்துவிட்டு வெள்ளம் வந்த அன்று மட்டும் மண்மூட்டை அடுக்குகிற நிலை அந்த வாரத்தில் நாடு முழுவதும் தெரிந்தது.

ஆரணி ஆறு நமக்கு இன்னும் நெருக்கம். அது பிச்சாட்டூரில் ஆரணியாறு அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவன் கோயிலை ஒட்டி நடந்து, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணை திறந்தால் திருவள்ளூர் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை போகும். அணை நிறைந்தால் எச்சரிக்கை. நிறையாவிட்டால் தண்ணீரே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, காயலுக்கு வேண்டிய அளவை வேண்டிய மாதத்தில் விடுவது குறித்து இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. சித்தூர் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. பலமனேர், குப்பம் பக்கத்துக் கவுண்டின்யா காட்டுக்கு 1980-களில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யானைகள் வந்து சேர்ந்தன. பல தலைமுறைகளாக யானையே பார்க்காத மண் அது. 1990-ல் அங்கே சரணாலயம் அமைந்தது. பயிர்ச் சேதமும், மின்வேலியில் யானைச் சாவும், மனித உயிரிழப்பும் தொடர்ந்தன. யானைக்கு மாநில எல்லை தெரியாது என்பதை அரசுகள் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. 2024-ல் கர்நாடகமும் ஆந்திராவும் இதற்காக ஒப்பந்தம் செய்துகொள்ள, 2025 மே மாதம் கர்நாடகத்திலிருந்து நான்கு கும்கி யானைகள் ஆந்திராவுக்கு வந்தன. யானைக்காகச் சேர்ந்து உட்கார முடிந்தவர்கள் கூழைக்கடாவுக்காகவும் பூநாரைக்காகவும் உட்கார முடியும். பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் சரணாலயமாயின. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலி, இரண்டு வனத்துறை.

நேலப்பட்டுக்கு அருகே வெதுருபட்டு என்றொரு ஊர் உண்டு. மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டிய கிராமம். கூடு இருக்கும் மரத்தின் கீழே முற்றத்தைப் பெருக்கி, விழும் எச்சத்தைச் சகித்துக்கொண்டு அந்த மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சூளூர்பேட்டையில் ஜனவரியில் நடக்கும் பூநாரைத் திருவிழா இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025 ஜனவரி 18 முதல் 20 வரை அது மறுபடி நடந்தது. கடைகளும் மேடையும் கலைநிகழ்ச்சியும் ஊருக்கு வருமானம் தருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பறவை பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒலிபெருக்கி சூளூர்பேட்டையோடு நிற்கட்டும். குஞ்சுகள் கூட்டில் இருக்கும் மாதம் அது. ஒரு பெரும் சத்தத்தில் பறவைகள் கூட்டமாக எழும்பினால் கூட்டின் விளிம்பில் இருக்கும் குஞ்சு நீரில் விழும். காக்கையும் பருந்தும் காவலில்லாத முட்டைக்காகக் காத்திருக்கின்றன.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரம். சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ. திருப்பதிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுப்பேட்டை வழியாக வந்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் நேலப்பட்டை அடையலாம். அக்டோபரில் பறவைகள் வரத் தொடங்கும். கூடுகட்டுவதைப் பார்க்க நவம்பர், குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி. காலை வெயில் ஏறுமுன் போய்விட்டால் கூழைக்கடாக்கள் கிளம்புவதைக் காணலாம். நாலு மணிக்கு மேல் போனால் அவை வயிறு நிறைந்து திரும்புவதையும் வக்காக்கள் இரவு வேட்டைக்குப் புறப்படுவதையும் சேர்த்தே பார்க்கலாம். இருநோக்கி கண்டிப்பாக வேண்டும். மங்கலான நிற உடை உடுத்துங்கள், ட்ரோன் வேண்டாம். நேலப்பட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அன்றே ஸ்ரீஹரிகோட்டாச் சாலை வரை போய் வாருங்கள். கூட்டையும் இரையையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இந்தக் கட்டுரை சொல்ல வந்தது நேரில் விளங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 முதல் நடந்துவருவது. தன்னார்வலர்கள் ஏரி ஏரியாகப் போய் எண்ணிக் குறிக்கிறார்கள். பழவேற்காட்டின் தமிழகக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் ஆட்கள் தேவை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் இந்த எல்லைப்பகுதி இளைஞர்களுக்கு அதில் மற்றவர்களுக்கு இல்லாத வசதி உண்டு: இரண்டு கரையிலும் மீனவரிடம் உட்கார்ந்து, எந்தப் பருவத்தில் முகத்துவாரம் அடைந்தது, எப்போது மீன் குறைந்தது, எந்த ஆண்டு கூழைக்கடா வரவில்லை என்று அவர் மொழியிலேயே கேட்டு எழுத முடியும். பறவை எண்ணிக்கையோடு அந்தக் குறிப்புகளும், பிச்சாட்டூரிலும் கல்யாணியிலும் அந்த ஆண்டு இருந்த நீர்மட்டமும் ஒரே நோட்டில் சேர வேண்டும். இரு மாநில அதிகாரிகள் தண்ணீர் பேச உட்காரும் நாளில் மேசைமேல் வைக்க அந்த நோட்டு தேவைப்படும்.